சான்றிதழ் வழங்கும் உரிமை: கொரிய டேக்வாண்டோ சங்கத்தின் வளர்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கொரியாவில் தனித்தனிக் கூடங்களாக இயங்கிய தற்காப்புக் கலைப் பிரிவுகள் ஒரே தேசியச் சங்கத்தின்கீழ் வந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கலைக்குப் பெயரிடல், போட்டி விதி வகுத்தல், தரநிலைத் தேர்வு நடத்துதல் ஆகிய மூன்று உரிமைகளுக்காகவும் அக்கூடங்கள் போராடின. அவற்றுள் தரநிலைத் தேர்வை நடத்திச் சான்றிதழ் வழங்கும் உரிமையே சங்கத்தின் வளர்ச்சியை முடிவுசெய்தது என்பது இக்கட்டுரையின் கருத்து. அவ்வுரிமை ஒருமித்த இசைவால் கிட்டவில்லை. 1961ஆம் ஆண்டின் இராணுவ அரசாணையில் தொடங்கி, 1980 வரை சிறிது சிறிதாகவே அது கூடங்களின் கையிலிருந்து நழுவியது.

திறவுச்சொற்கள்: டேக்வாண்டோ, குவான், டான் சான்றிதழ், கொரிய டேக்வாண்டோ சங்கம், குக்கிவோன்.

முன்னுரை

ஒரு தற்காப்புக் கலைக்கு நாடு தழுவிய சங்கம் அமைவதை வெறும் நிர்வாக நிகழ்வாகக் கருதிக் கடந்துசெல்லும் போக்கு விளையாட்டு வரலாற்று எழுத்துகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. முதல் தலைவர் யார், தலைமையகம் எங்கே, முதற்போட்டி எப்போது என்னும் வினாக்களோடு அவ்வெழுத்துகள் நின்றுவிடுகின்றன. கால்பந்து போன்ற விளையாட்டுகளுக்கு இது போதுமானதாக இருக்கலாம். கால்பந்து ஆடுபவர் எவரிடமும் தகுதிச் சான்று பெற வேண்டியதில்லை. தரநிலை முறையைக் கொண்ட தற்காப்புக் கலையின் நிலை வேறு. அங்கே மாணவரின் தகுதியை அறிவிப்பவர் ஆசான். அந்த அறிவிப்பே மாணவருக்கு மதிப்பாகவும், ஆசானுக்கு அதிகாரமாகவும், கூடத்திற்கு வருவாயாகவும் அமைகிறது. அவ்வுரிமை ஆசானிடம் இருக்கும்வரை சங்கம் பெயரளவிலேயே இருக்கும்.

டான் எனப்படும் தரநிலை முறை கொரியாவில் தோன்றியதன்று. ஜப்பானில் ஜூடோவை வகுத்த கானோ ஜிகோரோ 1883இல் தம் மாணவர்க்கு அதனை முதன்முதலில் வழங்கினார். ஒகினாவாவிலிருந்து கராத்தேயைத் தோக்கியோவுக்குக் கொண்டுவந்த ஃபுனகோஷி கிச்சின் 1924இல் தம் மாணவர்க்கு அதனை வழங்கலானார். 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியின்கீழ் இருந்த கொரியாவிலிருந்து மேற்படிப்புக்குச் சென்ற இளைஞர்கள் கராத்தேயைக் கற்றபோது கறுப்புப் பட்டையையும் டான் முறையையும் உடன் கொண்டுவந்தனர். சங்கத்திற்குள் பின்னாளில் எழுந்த பூசல்களுக்கெல்லாம் வித்து இதில் இருந்தது எனலாம்.

ஐந்து கூடங்கள்

குவான் என்னும் கொரியச் சொல் கூடம் என்றே பொருள்படும். எனினும் வழக்கில் அது கட்டடத்தை மட்டும் குறிப்பதில்லை. ஓர் ஆசானின் மாணவர் வழியையும் அவ்வழியின் கிளைகளையும் சேர்த்தே குறிக்கிறது. 1944 முதல் 1946 வரை ஐந்து குவான்கள் தோன்றின. தோக்கியோவில் ஃபுனகோஷியிடம் பயின்ற லீ வோன் குக் 1944இல் சியோலில் சுங் டோ குவானைத் தொடங்கினார். அதே ஆசானிடம் பயின்ற ரோ பியுங் ஜிக் கேசோங் நகரில் சோங் மூ குவானைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் ஹ்வாங் கீயின் மூ டுக் குவானும், சுன் சாங் சுப் நடத்திய சோசுன் யுன் மூ குவானின் கைச்சண்டைப் பிரிவும், யூன் பியுங் இன் நடத்திய கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கைச்சண்டைப் பிரிவும் தோன்றின. ஹ்வாங் கீ இருப்புப்பாதைத் துறையில் பணியாற்றியவர். அதனால் மூ டுக் குவான் இருப்புப்பாதை ஊழியரிடையே விரைந்து பரவியது.

1950இல் மூண்ட கொரியப் போர் இவ்வமைப்பைக் குலைத்தது. சுன் சாங் சுப்பும் யூன் பியுங் இன்னும் போரின்போது காணாமற்போயினர். லீ வோன் குக் நாட்டை விட்டு வெளியேறினார். தலைமையை இழந்த கூடங்கள் புதுப்பெயர்களில் தழைத்தன. யுன் மூ குவான் மரபு ஜி டோ குவான் ஆயிற்று. கிறித்தவ இளைஞர் சங்க மரபு சாங் மூ குவான் ஆயிற்று. மூத்த மாணவர் சிலர் பிரிந்து வேறு கூடங்களை நிறுவினர். இராணுவத்திற்குள் சோய் ஹோங் ஹி என்னும் படைத்தலைவர் ஓ டோ குவானைத் தோற்றுவித்தார். இவ்வாறு 1950களின் நடுப்பகுதியில் ஐந்து வழிகள் ஒன்பதுக்கும் மேலாகப் பெருகின. ஒவ்வொரு வழியும் தனித் தேர்வு நடத்தியது. தனிச் சான்றிதழ் வழங்கியது.

இக்கூடங்களில் பயிற்றப்பட்டவை பெரும்பாலும் ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது. தனியொருவர் நிகழ்த்தும் அசைவுத்தொடர்களாகிய பியோங்கான், சுல்கி, பாசாய் முதலியன ஜப்பானியக் கராத்தேயிலும் இருந்தவை; பெயர்களைக் குறிக்கும் சீன எழுத்துகளைக் கொரிய ஒலிப்பில் படித்தமையே வேறுபாடு. மஞ்சூரியாவில் சீனக் கைச்சண்டை பயின்ற யூன் பியுங் இன்னின் மரபில் மட்டும் வேறு சில கூறுகள் இருந்தன. ஆதலின் குவான்களின் பகை நுட்பத்தால் விளைந்ததன்று, தலைமையால் விளைந்தது.

பெயர்ச் சிக்கல்

கலைக்குப் பொதுப்பெயர் ஒன்றும் அப்போது இல்லை. தாங் சூ டோ, கோங் சூ டோ, குவோன் பொப், சூ பாக் டோ எனக் கூடத்திற்கொரு பெயர் வழங்கியது. முதல் இரண்டும் கராத்தே என்பதை எழுத ஜப்பானியர் கையாண்ட இருவகை எழுத்துகளின் கொரிய ஒலிப்புகளே. முன்னது சீனக்கை என்றும் பின்னது வெறுங்கை என்றும் பொருள்படும். ஆட்சியாளரை வெளியேற்றிய நாட்டில் ஆட்சியாளரின் சொல் நிலைத்திருந்தது பலருக்கு உறுத்தலாயிற்று.

1955இல் சோய் ஹோங் ஹி முன்மொழிந்த டேக்வாண்டோ என்னும் சொல் இதற்கு விடையாக வந்தது. டே என்பது காலால் மிதித்தலையும், குவோன் என்பது முட்டியையும், டோ என்பது நெறியையும் குறிக்கும். பழங்கொரிய நாட்டுப்புற ஆட்டமான டெக்கியோனின் ஒலியை நினைவூட்டுவது இச்சொல்லின் தனிச்சிறப்பு. கலையின் தொன்மையைச் சான்று காட்டி நிறுவுவதைவிட ஒலியால் உணர்த்துவது எளிதாக இருந்தது. பின்னர்ச் சங்கம் வெளியிட்ட வரலாறுகள் கோகுரியோ காலக் கல்லறை ஓவியங்களிலும் சில்லா நாட்டு ஹ்வாராங் வீரரிடத்திலும் கலையின் தொடக்கத்தைக் கண்டன. இக்கருத்தை ஸ்டீவன் கேப்பனர் 1995இல் கொரியா ஜர்னல் இதழில் எழுதிய கட்டுரையில் மறுத்தார். உடோ மோனிக் 2015இல் வெளியிட்ட நூலும் கராத்தே வழியையே விரிவாக எடுத்துக்காட்டுகிறது. ஜி டோ குவான் தலைவராகவும் சங்கத்தின் முதன்மை வடிவமைப்பாளராகவும் விளங்கிய லீ சோங் ஊ தம் முதுமையில், 2002இல் ஷின் டோங் ஆ இதழுக்கு அளித்த நேர்காணலில், கராத்தேயின் பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சங்கத்தின் வரலாற்றை எழுதியவர்களுள் ஒருவரே அதனைத் திருத்தியது அரிய நிகழ்வு.

எனினும் பெயர் ஒன்றுபட்டதால் கூடங்கள் ஒன்றுபடவில்லை. 1955இல் முன்மொழியப்பட்ட சொல் சங்கத்தின் நிலையான பெயராக மாற மேலும் பத்து ஆண்டுகள் ஆயின.

தேர்வுக்குழுவும் முதற்பிளவும்

ஒன்றுபடும் முதல் முயற்சி போர்க்காலத் தலைநகரான பூசானில் நிகழ்ந்தது. அங்கே தஞ்சம் புகுந்திருந்த குவான் தலைவர்கள் கொரியக் கோங் சூ டோ சங்கத்தை அமைத்தனர். காங் வோன் சிக், லீ கியோங் மியோங் ஆகியோர் 1999இல் வெளியிட்ட டேக்வாண்டோவின் தற்கால வரலாறு என்னும் நூல் இச்சங்கம் குலைந்த காரணத்தைப் பதிவுசெய்துள்ளது. நடுத் தேர்வுக்குழுவில் தமக்கு இடம் வழங்கப்படாமையால் ஹ்வாங் கீ சங்கத்தை விட்டு விலகினார். சில நாள்களில் சுங் டோ குவானின் சோன் டுக் சுங்கும் அதே காரணத்தால் விலகினார்.

இந்நிகழ்வு ஆழ்ந்து நோக்கத்தக்கது. விலகிய இருவரும் சங்கத்தின் பெயரையோ, கொள்கையையோ, நிதியையோ காரணமாகக் காட்டவில்லை. தேர்வு நடத்தும் குழுவில் இடமில்லை என்பதே மனத்தாங்கல். தம் மாணவரின் நிலையைப் பிற கூடத்தார் முடிவுசெய்வர், தமக்கோ அதில் சொல்லுரிமை இராது என்னும் நிலையை எந்தக் குவான் தலைவரும் ஏற்க இயலாது. ஏற்றால் மாணவர் அவரை விட்டுத் தேர்வாளரிடம் செல்வர். பார்வைக்குத் தன்முனைப்பாகத் தோன்றுவது உண்மையில் கூடத்தின் இருப்பைப் பற்றிய அச்சமே.

1959இல் சோய் ஹோங் ஹி தலைமையில் கொரிய டேக்வாண்டோ சங்கம் என்னும் பெயரில் இரண்டாம் முயற்சி நடந்தது. 1960 ஏப்ரலில் மாணவர் எழுச்சியால் சிங்மன் ரீ ஆட்சி கவிழ்ந்தபோது அதுவும் வலுவிழந்தது. ஹ்வாங் கீ அதே ஆண்டில் கொரிய சூ பாக் டோ சங்கத்தைத் தனியே பதிவுசெய்துகொண்டார். அரசின் ஏற்பைப் பெற்ற பதிவு அது. பிற்காலத்தில் வழக்குக்கு அடிப்படையானதும் அதுவே.

அரசாணையால் வந்த ஒற்றுமை

1961 மே 16ஆம் நாள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. புதிய அரசு ஒரே துறையைச் சார்ந்த பல சமூக அமைப்புகள் ஒன்றாக இணைய வேண்டும் என ஆணையிட்டது. விளையாட்டுச் சங்கங்களும் அவ்வாணைக்குள் அடங்கின. குவான் தலைவர்கள் எட்டு ஆண்டுகளாகப் பேசி முடிக்க இயலாததைச் சில மாதங்களில் முடிக்க நேர்ந்தது. 1961 செப்டம்பரில் கொரிய டே சூ டோ சங்கம் உருவாயிற்று. டேக்வாண்டோவிலிருந்து முதலசையையும், தாங் சூ, கோங் சூ என்பவற்றிலிருந்து இரண்டாம் அசையையும் எடுத்துக் கட்டிய பெயர் அது. எவருக்கும் நிறைவளிக்காத சமரசம் என்பதை அப்பெயரே காட்டுகிறது. முதல் தலைவராகப் படைத்தலைவர் சே மியுங் ஷின் அமர்ந்தார். எந்தக் குவானையும் தோற்றுவிக்காத ஒருவரைத் தலைவராக்குவது அப்போதைக்கு உகந்த வழியாக இருந்தது.

1962இல் இச்சங்கம் கொரிய விளையாட்டுச் சங்கத்தில் உறுப்பமைப்பாக இணைந்தது. அவ்வாண்டு நவம்பரில் சியோலில் முதல் ஒருங்கிணைந்த டான் தேர்வு நடைபெற்றது. வெவ்வேறு குவான்களைச் சேர்ந்தோர் ஒரே அரங்கில், ஒரே குழுவின் முன்னிலையில் தேர்வெழுதியது அதுவே முதன்முறை. தேர்வில் குவான்தோறும் பயிற்றப்பட்ட வெவ்வேறு அசைவுத்தொடர்கள் ஏற்கப்பட்டன. அவை அனைத்தையும் அறிந்த தேர்வாளர் எவருமில்லை. ஆதலின் பொதுவான அசைவுத்தொடர்களை உருவாக்க வேண்டிய தேவை எழுந்தது. 1967இல் பல்குவே வரிசையும் கறுப்புப் பட்டையர்க்கான வரிசையும், 1972இல் தேகுக் வரிசையும் சங்கத்தின் குழுவால் வகுக்கப்பட்டன. பண்பாட்டு மீட்சியாக இன்று விளக்கப்படும் இத்தொடர்கள், தேர்வு நடத்துவதில் எழுந்த நடைமுறை இடர்ப்பாட்டிற்கு விடையாகவும் பிறந்தன என்பதை மறத்தலாகாது.

ஒருங்கிணைந்த தேர்வு குவான் தேர்வுகளை ஒழித்துவிடவில்லை. கூடங்கள் தம் சான்றிதழையும் தொடர்ந்து வழங்கின. மாணவர் ஒருவர் இரு சான்றிதழ்களை வைத்திருப்பது இயல்பாக இருந்தது. ஒன்று ஆசான் கொடுத்தது. மற்றொன்று சங்கம் கொடுத்தது. மதிப்பு எதற்கு என்னும் வினா இன்னும் முடிவாகவில்லை.

வழக்கும் தீர்ப்பும்

ஹ்வாங் கீயும், அந்நாளில் ஜி டோ குவானை நடத்திய யூன் குவே பியுங்கும் புதிய சங்கத்தை விட்டு விலகினர். தாம் 1960இல் பதிவுசெய்த சங்கத்தின் சட்டத்தகுதியைக் காக்க ஹ்வாங் கீ நீதிமன்றத்தை நாடினார். இராணுவ ஆட்சி நிலவிய நாட்டில், அரசின் ஆதரவு பெற்ற சங்கத்திற்கு எதிராகத் தனியொரு கூடம் வெல்லும் எனப் பலர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எனினும் 1966இல் உச்ச நீதிமன்றம் அவர் சார்பாகத் தீர்ப்பளித்தது.

தேசியச் சங்கத்திற்குச் சட்டவழியான தனியுரிமை இல்லை என்பதை இத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. ஆயினும் வென்றவர் வளரவில்லை, தோற்றவரே வளர்ந்தனர். தீர்ப்புக்கு முன்னரே, 1965இல், மூ டுக் குவானின் ஒரு பகுதியினர் பிரிந்து தேசியச் சங்கத்தில் சேர்ந்துவிட்டனர். ஜி டோ குவான் உறுப்பினரில் பெரும்பாலோரும் தலைவரைப் பின்பற்றாது சங்கத்திலேயே தங்கினர். சட்டம் தர இயலாததை வேறொன்று தந்தது. அது போட்டி.

கவசமும் உதையும்

1963இல் ஜோன்ஜு நகரில் நடைபெற்ற 44ஆவது தேசிய விளையாட்டு விழாவில் இக்கலை முறையான போட்டியாக இடம்பெற்றது. மாநிலந்தோறும் அணி தேர்வாக வேண்டும். தேர்வாக வேண்டுமெனில் மாநிலக் கிளைச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். உறுப்பினராவதற்குச் சங்கத்தின் சான்றிதழ் வேண்டும். இளம் பயிற்றுநர்க்கு இச்சங்கிலி தெளிவாகவே புலப்பட்டது. ஆசானின் வழக்கு வென்றாலும் மாணவன் விழாவில் ஆட முடியாது.

போட்டி விதிகளில் சங்கம் எடுத்த முடிவுகள் கலையின் உடலையே மாற்றின. அந்நாளைய ஜப்பானியக் கராத்தேப் போட்டியில் அடி உடலைத் தொடுமுன் நிறுத்தப்பட வேண்டும். நிறுத்தப்பட்ட அடி பட்டிருக்குமா என்பதை நடுவரே ஊகிக்க வேண்டும். கொரியச் சங்கம் மாறாக முழு விசையோடு தாக்க இசைந்தது. அதற்கு ஈடாகக் கெண்டோ வாட்போரில் அணியும் கவசத்தைத் தழுவிய மார்புக் கவசத்தை அணிவித்தது. முகத்தில் முட்டியால் குத்துவது தடுக்கப்பட்டது. காலால் உதைப்பது இசையப்பட்டது. மார்பில் விழும் குத்துக்குக் கவசத்தின்மேல் புள்ளி பெறுவது அரிது. இந்நிலையில் ஆட்டக்காரர் கையைக் கீழே தொங்கவிட்டுக் காலை நம்பத் தொடங்கினர். சுழன்று உதைத்தல், பின்புறம் திரும்பி உதைத்தல், வீழ்த்தி உதைத்தல் என இன்று டேக்வாண்டோவின் அடையாளமாகக் கருதப்படும் நுட்பங்கள் பல, குவான்களின் பழம்பயிற்சியில் இருந்தவையல்ல. இவ்விதிகளின் விளைவாகப் போட்டி மேடையில் வளர்ந்தவை.

இரண்டு பயன்கள் இதனால் விளைந்தன. கராத்தேயிலிருந்து கண்ணால் காணத்தக்க வேறுபாடு கிடைத்தது. பெயரால் மட்டும் பெற்ற தனித்தன்மை இப்போது செயலாலும் கிடைத்தது. அடுத்து, எந்தக் குவானின் பழைய பயிற்சியும் இம்மேடையில் முற்றாக உதவவில்லை. எல்லாக் கூடங்களும் சங்கத்தின் விதிகளுக்கேற்பப் புதிதாகப் பயில வேண்டியிருந்தது. ஆசான்களைவிட இருபது வயது இளைஞர்கள் வல்லவராயினர். குவான் தலைவரின் அதிகாரத்தைக் குறைத்ததில் அரசாணையைக் காட்டிலும் மார்புக் கவசத்திற்கே பங்கு அதிகம் என்றால் அது மிகையன்று.

சோய் ஹோங் ஹியும் கடல் கடந்த பரவலும்

சோய் ஹோங் ஹி 1962 முதல் மலாயாவில் கொரியத் தூதராகப் பணியாற்றினார். அந்நாட்டில் டேக்வாண்டோ வேரூன்றியது அக்காலத்தில்தான். 1963இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்த செயல்விளக்கத்திற்குப் பின் அது பள்ளிகள்வரை பரவியது. மலேசியத் தமிழ் இளைஞர் பலரை இக்கலை சென்றடைந்ததற்கும் அதுவே தொடக்கம். 1962 இறுதியில் கொரிய இராணுவப் பயிற்றுநர் குழு வியட்நாமுக்கும் சென்றது.

1965இல் நாடு திரும்பிய சோய் சங்கத்தின் தலைவரானார். அவ்வாண்டு ஆகஸ்டில் டே சூ டோ என்னும் பெயர் கைவிடப்பட்டு, கொரிய டேக்வாண்டோ சங்கம் என்னும் பெயர் நிலைபெற்றது. ஆனால் அவர் தலைமை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. குவான் தலைவர்களின் எதிர்ப்பால் பதவி விலகிய அவர் 1966 மார்ச் 22ஆம் நாள் பன்னாட்டு டேக்வாண்டோ கூட்டமைப்பைத் தோற்றுவித்தார். தேசியச் சங்கம் உள்நாட்டுத் தேர்வையும் புதிய கூட்டமைப்பு வெளிநாட்டுத் தேர்வையும் நடத்தும் நிலை உருவாயிற்று. ஒரே கலைக்கு இரு சான்றிதழ் என்னும் பழைய சிக்கல் இப்போது நாட்டெல்லைக்கு வெளியே இடம்பெயர்ந்தது. 1972இல் சோய் கனடாவுக்குக் குடிபெயர்ந்து கூட்டமைப்பின் தலைமையகத்தையும் டொரன்டோவுக்குக் கொண்டுசென்றார்.

குக்கிவோன்

1971இல் சங்கத் தலைவரான கிம் உன் யோங் குவான் மரபைச் சார்ந்தவரல்லர். தூதரகப் பணியிலும் குடியரசுத் தலைவரின் பாதுகாப்பு அலுவலகத்திலும் பணியாற்றியவர். அவ்வாண்டு குடியரசுத் தலைவர் பார்க் சுங் ஹீ, நாட்டுக்கலை டேக்வாண்டோ என்று பொருள்படும் சொற்களைத் தம் கையால் எழுதி வழங்கினார். அவ்வெழுத்தின் படிகள் நாடெங்கும் பயிற்சிக்கூடங்களில் மாட்டப்பட்டன. சட்டம் எதுவும் அப்போது அவ்வாறு அறிவிக்கவில்லை. கொரிய நாடாளுமன்றம் டேக்வாண்டோவை நாட்டுக்கலையாகச் சட்டத்தில் சேர்த்தது 2018இல்தான். ஆட்சியாளரின் கையெழுத்து சட்டத்திற்கு 47 ஆண்டுகள் முந்திச் சென்றது.

1971 நவம்பரில் சியோலின் காங்னம் பகுதிக் குன்றில் சங்கத்தின் மையப் பயிற்சிக்கூடம் கட்டத் தொடங்கப்பட்டு, 1972 நவம்பரில் முடிக்கப்பட்டது. பின்னர் அது குக்கிவோன் எனப் பெயர்பெற்றது. 1973 மே மாதம் முதல் உலகப் போட்டி அங்கே நடந்தது. போட்டி முடிந்த மறுநாளே, மே 28ஆம் நாள், உலக டேக்வாண்டோ கூட்டமைப்பு நிறுவப்பட்டது. இவ்வாறு உள்நாட்டுக்குச் சங்கம், தேர்வுக்குக் குக்கிவோன், உலகப் போட்டிக்குக் கூட்டமைப்பு என மூன்று அமைப்புகள் உருவாயின. மூன்றுக்கும் நெடுங்காலம் ஒருவரே தலைவராக இருந்தார்.

1980இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு உலகக் கூட்டமைப்பை ஏற்றதும், 1988இல் சியோலில் செயல்விளக்கப் போட்டியாகவும் 2000இல் சிட்னியில் பதக்கப் போட்டியாகவும் டேக்வாண்டோ இடம்பெற்றதும் பலரும் அறிந்தவை. அதிகாரம் ஒரே கையில் குவிந்ததன் மறுபக்கமும் வெளிப்பட்டது. 2004இல் கிம் உன் யோங் நிதி கையாடல், கையூட்டு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்.

குவான்கள் எண்களாதல்

ஒலிம்பிக் வெற்றியின் நிழலில் மறைந்துபோன நிகழ்வு 1970களில் நடந்த குவான் ஒழிப்பு. சிறிய கிளைக் குவான்கள் முதலில் பெரியவற்றோடு இணைக்கப்பட்டன. பின்னர் எஞ்சியவற்றின் பெயர்களுக்கு மாற்றாக எண்கள் வழங்கப்பட்டன. சோங் மூ குவான் முதலாம் குவான். சாங் மூ குவான் மூன்றாம் குவான். மூ டுக் குவான் நான்காம் குவான். அனைத்திற்கும் மூத்தவற்றுள் ஒன்றான சுங் டோ குவான் ஒன்பதாம் குவான். வரிசை முதுமையையோ உறுப்பினர் எண்ணிக்கையையோ பொறுத்ததன்று என்பது இதிலிருந்தே புலனாகும். 1978 ஆகஸ்டில் குவான்கள் யாவும் ஒன்றிணைந்தன என அறிவிக்கப்பட்டது. 1980 தொடக்கத்தில் டான் சான்றிதழ் வழங்கும் பணி முழுமையும் குக்கிவோனிடம் சேர்ந்தது.

பூசானில் ஹ்வாங் கீ விலகிய நாள் முதல் கணக்கிட்டால் இதற்குக் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் குவான் தலைவர்கள் முற்றாகத் தோற்கவில்லை. அவர்கள் குக்கிவோனின் உயர்நிலைத் தேர்வாளர்களாகவும், அசைவுத்தொடர்க் குழு உறுப்பினர்களாகவும், சங்கத்தின் துணைத்தலைவர்களாகவும் அமர்ந்தனர். தேர்வுக்குழுவில் இடம் இல்லை என்பதே முதற்பிளவின் காரணம் எனக் கண்டோம். அவ்விடத்தைப் பகிர்ந்தளித்தே இறுதி இணைப்பும் நிறைவேறியது.

இன்றும் கொரியாவில் டான் தேர்வைக் குக்கிவோன் நேரடியாக எல்லா ஊர்களிலும் நடத்துவதில்லை. அது கொரிய டேக்வாண்டோ சங்கத்திடம் பணியை ஒப்படைக்கிறது. சங்கம் நகர, மாநிலக் கிளைகளிடம் ஒப்படைக்கிறது. தேர்வுக் கட்டணமும் இப்படிகளின் வழியே பங்கிடப்படுகிறது. பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்கு டான் என்பதற்கு மாற்றாகப் பூம் என்னும் நிலை வழங்கப்படுகிறது. கொரியப் பயிற்சிக்கூடங்களை நிறைப்போர் பெரும்பாலும் சிறுவர்கள் என்பதால் இச்சிறு ஏற்பாடு சங்கத்தின் வரவுக்குப் பெரிதும் துணைசெய்கிறது. கூடத்தை நடத்தும் பயிற்றுநர் தம் மாணவரைத் தாமே தேர்ந்தெடுத்து அனுப்புகிறார். ஆனால் சான்றிதழில் அவர் பெயர் முதன்மை பெறுவதில்லை. கூட உரிமையாளர்க்கும் கிளைச் சங்கங்களுக்கும் இடையே கட்டணம் குறித்து அவ்வப்போது எழும் வழக்குகளின் வேர் இங்கேதான் உள்ளது.

நடுவர் நேர்மையும் தொடர்ந்து வினாவுக்கு உள்ளானது. 2013இல் சியோலில் நடந்த தேர்வுப் போட்டி ஒன்றில் முடிவு முன்னரே திட்டமிடப்பட்டிருந்ததைக் காவல்துறை மறு ஆண்டு வெளிப்படுத்தியது. பள்ளி மாணவரின் உயர்கல்வி வாய்ப்பு போட்டிப் பதக்கத்தோடு பிணைக்கப்பட்டுள்ள நாட்டில் ஒரு புள்ளியின் விலை மிகப் பெரிது.

சங்கத்திற்கு வெளியே நின்றோர்

சோய் ஹோங் ஹி 1980இல் தம் மாணவர் குழுவோடு வடகொரியா சென்றார். அதன்பின் தென்கொரியாவின் வரலாற்று நூல்களில் அவர் பெயர் நெடுங்காலம் இடம்பெறவில்லை. கலைக்குப் பெயர் தந்தவரின் பெயரையே கலையின் வரலாறு தவிர்த்தது. 2014 ஆகஸ்டில் இரு கூட்டமைப்புகளும் சீனத்தின் நான்ஜிங்கில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2017இல் தென்கொரியாவின் மூஜு நகரில் நடந்த உலகப் போட்டியில் வடகொரியக் குழு செயல்விளக்கம் நிகழ்த்தியது.

சோய் 2002 ஜூனில் பியோங்யாங்கில் மறைந்தார். ஹ்வாங் கீ அடுத்த மாதமே மறைந்தார். ஹ்வாங் கீயின் வழியினர் இன்றும் தேசியச் சங்கத்தில் சேராமல் சூ பாக் டோ என்னும் பெயரில் தனியே இயங்குகின்றனர். அவ்வழியில் டான் நிலை பெறும் ஒவ்வொருவர்க்கும் ஒரு வரிசை எண் வழங்கப்படுகிறது. முதல் மாணவர் முதல் இடையறாது தொடரும் எண்வரிசை அது. மூ டுக் குவான் என்னும் கூடத்திற்குச் சங்கம் நான்கு என்னும் எண்ணை இட்டது. அக்கூடமோ தன் மாணவர்க்கு எண்ணிடுவதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டுள்ளது.